அட்டையில 2000 வாட்ஸ்... ஃபியூஸ்ல 25 ஆம்பியர்! - கார் சப்வூஃபருக்கு ஆம்ப் வாங்கும் முன் இதைப் படிங்க பாஸ்!

கார் ஆக்சஸரீஸ் கடைக்குள்ள நுழையறீங்க. ஷெல்ஃப்ல வரிசையா ஆம்ப்ளிஃபயர்கள். ஒரு அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்துல '2000 வாட்ஸ் மேக்ஸ்'. பக்கத்துலயே '400 வாட்ஸ்'னு அடக்கமா இன்னொண்ணு. விலை மட்டும் அதைவிட அதிகம். மனசு எந்தப் பக்கம் போகும்? 2000 பக்கம்தானே!

ஒரு நிமிஷம். அந்த 2000 வாட்ஸ் ஆம்ப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்க. ஒயர் மாட்டுற பக்கத்துல கலர் பிளாஸ்டிக்கில் சின்னதா ஒரு ஃபியூஸ் செருகியிருக்கும். அதன் தலையில் ஒரு நம்பர் இருக்கும். அதுல 25-னு போட்டிருந்தா, பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துடலாம். அந்த ஆம்ப்பால தொடர்ந்து 300 வாட்ஸ் கொடுக்கிறதே கஷ்டம்.

கார் ஆடியோவில் பொய் சொல்லத் தெரியாத ஒரே பொருள் ஃபியூஸ்தான். வாங்கும்போது ஆம்ப்போட உண்மையான பலத்தைச் சொல்லும். ஒயரிங் பண்ணும்போது, சரியான இடத்துல இருந்தா, கார் தீப்பிடிக்காம காப்பாத்தும். அந்த ரெண்டு விஷயத்தையும் புரிஞ்சுக்கிட்டா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. வாங்க, மீதியையும் தாண்டுவோம்.

ஆம்ப் எதுக்கு, இருக்கிற செட்டே போதாதா?

பேஸ் கிட்டாரின் அடித் தந்தியில் வரும் கடைசி ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டார் தனியா ஒரு கதை சொல்லிட்டு ஓடும் இல்லையா... கார் கதவுல இருக்கிற 6 இன்ச் ஸ்பீக்கர் அந்தக் கதையில பாதியை முழுங்கிடும். அவ்வளவு கீழே இறங்க நிறைய காத்தைத் தள்ளணும். அதுக்கு 10 இன்ச், 12 இன்ச்னு பெரிய சப்வூஃபர் வேணும். அதைத் தள்ளப் பெரிய பவர் வேணும். கம்பெனி செட்டுக்குள்ள இருக்கிற குட்டி ஆம்ப், ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து 15, 20 வாட்ஸ் கொடுத்தாலே பெரிய விஷயம். அதனால சப்வூஃபருக்குத் தனி ஆம்ப் கட்டாயம்.

ஃபியூஸ் கணக்கு: செல்போன் கால்குலேட்டர் போதும்!

'மேக்ஸ்', 'பீக்', 'பி.எம்.பி.ஓ' எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்துல வந்து போகிற பவர். சில நேரம் அதுகூட வராது, அட்டையில மட்டும்தான் இருக்கும். நீங்க பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ் வாட்ஸ். தொடர்ந்து கொடுக்கிற பவர் அதுதான்.

ஆர்.எம்.எஸ் எண்ணையும் சரிபார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது காரின் எலெக்ட்ரிக்கல் லைனில் சுமார் 13.8 வோல்ட் இருக்கும். ஃபியூஸ் ஆம்பியரை அதால பெருக்குங்க. ஆம்ப் உள்ளே இழுக்கிற பவர் கிடைச்சிடும். 25 × 13.8 = 345 வாட்ஸ். இதுல கொஞ்சம் சூடாகி வீணாகும். 'கிளாஸ் டி' ஆம்ப்பா இருந்தா சுமார் 80 சதவிகிதம் சத்தமா வெளியே வரும். அதாவது 276 வாட்ஸ். பழைய 'கிளாஸ் ஏபி' வகைன்னா பாதிக்குச் சற்று மேலேதான், சுமார் 190 வாட்ஸ். 2000 எங்கே, 276 எங்கே?

ரெண்டு ஃபியூஸ் இருந்தா ரெண்டையும் கூட்டிக்குங்க. பெரிய ஆம்ப்கள் சிலவற்றில் ஃபியூஸே இருக்காது. அப்போ மேனுவல்ல எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. பெட்டியில 'சிடிஏ-2006' முத்திரை இருந்தா இன்னும் நிம்மதி. அந்த அளவுகோல்படி, 14.4 வோல்ட்டில், 1 சதவிகிதத்துக்கு மேல ஒலி சிதையாம கொடுக்கிற பவரைத்தான் அச்சடிக்கணும். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனியோட நியாயமா ஒப்பிட அது உதவும்.

வாட்ஸ் பைத்தியம் பிடிச்சவங்களுக்கு இன்னொரு ரகசியம். பவரை ரெண்டு மடங்காக்கினா சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் அதிகம்', அவ்வளவே. 'ரெண்டு மடங்கு சத்தம்'னு காது உணர சுமார் 10 மடங்கு பவர் வேணும். அதனால 300 வாட்ஸுக்கும் 400 வாட்ஸுக்கும் நடுவுல தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. நல்ல பெட்டி, நல்ல ஒயர், சரியான செட்டிங் கொடுக்கிற வித்தியாசம் இதைவிடப் பெரிசு.

ஓம் பொருத்தம் பார்த்தாச்சா?

கல்யாணத்துக்கு ஜாதகப் பொருத்தம் மாதிரி, ஆம்ப்புக்கும் சப்வூஃபருக்கும் ஓம் பொருத்தம். ஓம் என்பது சப்வூஃபர் காட்டுற தடை. தடை குறையக் குறைய ஆம்ப்பிலிருந்து கரன்ட் அதிகமா ஓடும், பவரும் கூடும். ஆனா, ஒவ்வொரு ஆம்ப்புக்கும் 'இதுக்குக் கீழே போகாதே'னு ஓர் எல்லை உண்டு. '2 ஓம் ஸ்டேபிள்'னு போட்டிருக்கிற ஆம்ப்பில் 1 ஓம் மாட்டினா, ஒண்ணு புரொடெக்ட் லைட் எரிஞ்சு ஆஃப் ஆகும், இல்லைன்னா புகை வரும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஓர் உதாரணத்தை வெச்சுக்குவோம். ஒரு ஹேட்ச்பேக் கார். 12 இன்ச் சப்வூஃபர் ஒண்ணு, 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ், டூயல் 4 ஓம் காயில். 'டூயல்'னா உள்ளே ரெண்டு காயில் இருக்கு, ஒவ்வொண்ணும் 4 ஓம். அதை ரெண்டு விதமா இணைக்கலாம்.

* பேரலல்: பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ். 4 ஓம் ரெண்டு சேர்ந்து 2 ஓம் ஆகும்.
* சீரிஸ்: முதல் காயிலின் மைனஸை இரண்டாவதின் பிளஸ்ஸில் மாட்டணும். 4 + 4 = 8 ஓம்.

இந்த சப்வூஃபரை 2 ஓமில் 400 வாட்ஸ் ஆர்.எம்.எஸ் கொடுக்கிற மோனோபிளாக் ஆம்ப்போட, பேரலல்ல இணைச்சா ஜோடிப் பொருத்தம் பிரமாதம். அதே ஆம்ப்பில் 8 ஓமா மாட்டினா, பாவம், அதன் பலத்துல நாலில் ஒரு பங்குதான் வெளியே வரும். அப்புறம் 'சப்பே சரியில்ல'னு கடைக்காரரோட சண்டை போடுவீங்க.

'அடுத்த வருஷம் இன்னொரு சப் சேர்க்கலாம்'னு ஐடியா இருக்கா? இப்பவே யோசிங்க. டூயல் 4 ஓம் ரெண்டு சப்பை இணைச்சா 1 ஓம் அல்லது 4 ஓம்தான் நடைமுறையில வரும், 2 ஓம் வராது. டூயல் 2 ஓம் ரெண்டு வாங்கி, ஒவ்வொண்ணின் காயில்களையும் சீரிஸ் பண்ணி, பிறகு ரெண்டு சப்பையும் பேரலல் பண்ணினா 2 ஓம் கிடைக்கும். சப் வாங்கிட்டு ஆம்ப் தேடுறதைவிட, பேப்பர்ல படம் போட்டுப் பார்த்துட்டு ரெண்டையும் சேர்த்து வாங்குறது நல்லது.

பட்ஜெட் கம்மியா? 4 சேனல் ஆம்ப் ஒண்ணு எடுத்து, ரெண்டு சேனலைக் கதவு ஸ்பீக்கருக்கும், மீதி ரெண்டை 'பிரிட்ஜ்' பண்ணி சப்புக்கும் கொடுக்கலாம். ஆனா, பிரிட்ஜ் பண்ணும்போது பெரும்பாலான ஆம்ப்களுக்கு எல்லை 4 ஓம். ஒவ்வொரு சேனலுக்கும் பாதித் தடைதான் தெரியும் என்பதே காரணம். அங்கே சிங்கிள் 4 ஓம் சப் வாங்குங்க, இல்லைன்னா டூயல் 2 ஓம் வாங்கி சீரிஸ் பண்ணுங்க.

உயிர் காக்கும் 45 சென்டிமீட்டர்!

இப்போ ரொம்ப முக்கியமான இடத்துக்கு வந்திருக்கோம். இந்தப் பகுதியை மட்டும் வேகமா ஸ்க்ரோல் பண்ணாதீங்க.

'12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகுது?' உண்மைதான், ஷாக் அடிக்காது. ஆனா, தீ வைக்கும். இன்ஜினைச் சுத்திவிடுற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல கொடுக்கிற பேட்டரி அது. அதிலிருந்து கிளம்பி டிக்கி வரைக்கும் 4, 5 மீட்டர் ஓடுற பவர் ஒயர், வழியில எங்கேயாவது உரசித் தோல் உரிஞ்சு காரின் பாடியைத் தொட்டா ஷார்ட் சர்க்யூட். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் அடுப்புக் கம்பி மாதிரி பழுத்து, மேலே இருக்கிற கார்பெட்டும் சீட் ஃபோமும் பத்திக்கும்.

'ஆம்ப்புலதான் ஃபியூஸ் இருக்கே?' இங்கேதான் பலரும் ஏமாறுறாங்க. மொட்டைமாடி டேங்க்கை நினைச்சுப் பாருங்க. நடுவழியில பைப் உடைஞ்சுட்டா, கீழே பாத்ரூம் குழாயை மூடி என்ன பிரயோஜனம்? டேங்க் அடியில இருக்கிற கேட் வால்வை மூடினாத்தான் தண்ணி நிக்கும். ஆம்ப்பில் இருக்கிற ஃபியூஸ் பாத்ரூம் குழாய். அது ஆம்ப்பைத்தான் காப்பாத்தும். ஒயரைக் காப்பாத்த, பேட்டரியை ஒட்டி இன்னொரு ஃபியூஸ் வேணும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒயர் வழியா அளந்தா 18 இன்ச், அதாவது 45 சென்டிமீட்டருக்குள்ள அது இருக்கணும். எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு நல்லது. பேட்டரிக்கும் இந்த ஃபியூஸுக்கும் நடுவுல இருக்கிற துண்டு ஒயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது இல்லையா!

எத்தனை ஆம்பியர் போடணும்? நம்ம 400 வாட்ஸ் ஆம்ப் முழு மூச்சுல 36 ஆம்பியர் இழுக்கும் (400 ÷ 0.8 ÷ 13.8). ஆம்ப்பில் 40 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தா, பேட்டரி பக்கம் 40 அல்லது 50 போடலாம். ஒயர் தாங்கும் அளவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. 'அடிக்கடி ஃபியூஸ் போகுது'ன்னு 100 ஆம்பியர் போடுறதும், சாக்லேட் பேப்பரைச் சுத்தி மாட்டுறதும் காவல்காரனைக் கட்டிப்போட்டுட்டுக் கதவைத் திறந்து வைக்கிற வேலை. ஃபியூஸ் போகுதுன்னா எங்கேயோ கோளாறு இருக்குன்னு அர்த்தம். அதைத் தேடுங்க.

ஒயர்ல கஞ்சத்தனம் வேணாம்

ஒயர் கேஜ் எண் சின்னதாக ஆக ஒயர் தடிமனாகும். 8 கேஜைவிட 4 கேஜ் தடிமன். நம்ம ஆம்ப்பின் 36 ஆம்பியரை 5 மீட்டர் கொண்டுபோகும்போது, 8 கேஜ் செம்பு ஒயரில் சுமார் 0.37 வோல்ட் வழியிலேயே வீணாகும். 4 கேஜில் 0.15 வோல்ட்தான். அதனால 4 கேஜே நல்லது. நாளைக்கு ஆம்ப்பை மாத்தினாலும் உதவும்.

கடையில 'கிட்'டாகக் கிடைக்கிற விலை கம்மி ஒயர்களில் நிறைய சி.சி.ஏ வகை. அலுமினியத்தின் மேல செம்பு முலாம். பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும், ஆனா கடத்தும் திறன் சுத்தச் செம்புல மூணில் ரெண்டு பங்குக்கும் குறைவு. இழையை பிளேடால மெதுவா சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளியா இருந்தா சி.சி.ஏ. வெளியே வெள்ளி, உள்ளே செம்புன்னா அது ஈயம் பூசின நல்ல செம்பு ஒயர், பயப்பட வேணாம். 'ஓ.எஃப்.சி'ன்னு கேட்டு வாங்குங்க. சி.சி.ஏ-தான் முடியும்னா, ஒரு சைஸ் பெரிசா எடுங்க, ஃபியூஸையும் அந்த ஒயர் தாங்குற அளவுக்கே போடுங்க.

மாட்டுற வரிசை இதுதான்

நீங்களே மாட்டினாலும் சரி, கடையில பக்கத்துல நின்னு பார்த்தாலும் சரி, வரிசை மாறக் கூடாது.

1. முதல்ல பேட்டரி மைனஸைக் கழற்றுங்க. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் திரும்ப மாட்டணும்.

2. பவர் ஒயர்: இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டில் துளை வழியா வரும். அங்கே ரப்பர் புஷ் கட்டாயம் வேணும். வெறும் தகட்டு விளிம்பு கத்தி மாதிரி, மாசக்கணக்கில் உரசி ஒயரை அறுத்துடும். ஃபியூஸ் ஹோல்டரை இப்பவே மாட்டுங்க, ஆனா உள்ளே ஃபியூஸை மட்டும் போடாதீங்க.

3. ஆர்.சி.ஏ கேபிள்: பவர் ஒயர் காரின் ஒரு ஓரமா போனா, இது மறு ஓரமா போகணும். ரெண்டையும் ஒண்ணா கட்டினா, ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல 'உய்ங்'னு ஒரு சத்தம் கூடவே ஏறும் வாய்ப்பு உண்டு. உங்க செட்டில் ஆர்.சி.ஏ அவுட் இல்லையா? 'ஹை லெவல் இன்புட்' இருக்கிற ஆம்ப் வாங்குங்க, அல்லது ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுக்கிற கன்வெர்ட்டர் போடுங்க.

4. ரிமோட் ஒயர்: செட் ஆன் ஆகும்போது ஆம்ப்பை எழுப்புற ஒயர் இது. வெளியில வாங்கின செட்களில் பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். இதை நேரா பேட்டரியில கொடுத்தா ஆம்ப் ராத்திரி பூரா முழிச்சிருக்கும், காலையில கார் ஸ்டார்ட் ஆகாது.

5. கிரவுண்ட்: பவர் ஒயர் அளவுக்கே தடிமன், முடிஞ்சவரை அரை மீட்டருக்குள்ள நீளம். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளன்னு இரும்பு தெரிஞ்ச இடத்துல ரிங் டெர்மினல் வெச்சு போல்ட் போட்டு இறுக்குங்க. சீட் பெல்ட் போல்ட்டை இதுக்குப் பயன்படுத்தவே கூடாது, அது உயிர் காக்கிற போல்ட். துளை போடும் முன்னாடி காருக்கு அடியில குனிஞ்சு பாருங்க. பெட்ரோல் டேங்க்கும் பிரேக் பைப்பும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

6. ஸ்பீக்கர் ஒயர்: பிளஸ், மைனஸ் மாறாம இணைச்சு, ஒரு தடவை எல்லாத்தையும் இழுத்துப் பாருங்க. பிறகு பேட்டரி மைனஸ், கடைசியா ஃபியூஸ்.

மஞ்சள் கனெக்டர் எங்கே கண்ணுல பட்டாலும் கையை எடுத்துடுங்க, அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு கலர் ஒயர்கள் ஹை வோல்டேஜ், உயிருக்கே ஆபத்து. அந்த கார்களைத் தெரிஞ்சவங்க கையில மட்டும் விடுங்க. வாரன்ட்டி இருக்கிற புது கார்னா, ஒயரை வெட்டாம கப்ளர் போட்டு இணைக்கச் சொல்லுங்க. வாரன்ட்டி பாதிக்குமான்னு ஷோரூம்ல முன்கூட்டியே கேட்டுடுங்க.

கெயின், வால்யூம் இல்லைங்க!

சப்வூஃபர்கள் கருகுறதுக்குப் பெரிய காரணம் இந்தத் திருகுதான். செட்டிலிருந்து வர்ற சிக்னலுக்கும் ஆம்ப்புக்கும் பொருத்தம் பண்றதுதான் கெயின். அதை முழுசா திருகினா பவர் கூடாது, அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு 'கிளிப்பிங்' ஆகும். மோசமா கிளிப் ஆன அலையில், சுத்தமான அலையைவிட ரெண்டு மடங்கு வரைக்கும் பவர் இருக்கும். '300 வாட்ஸ் ஆம்ப்தானே, 300 வாட்ஸ் சப்தானே'ன்னு நினைப்பீங்க. உள்ளே காயில் 600 வாட்ஸ் சூட்டில் வெந்துட்டிருக்கும். எரிஞ்ச பிளாஸ்டிக் வாசனை வந்துட்டா, அதோட கதை முடிஞ்சது.

மல்ட்டிமீட்டர் இருந்தா பத்து நிமிஷ வேலை. சப்பைக் கழற்றிடுங்க. ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாம் ஜீரோ. இன்ஜின் ஓடட்டும், செட் வால்யூம் முக்கால் பங்கு. 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டெஸ்ட் டோன் போடுங்க. ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் மீட்டரை ஏ.சி வோல்ட்டில் வெச்சு, கெயினை மெதுவா ஏத்துங்க. எங்கே நிறுத்தணும்? வாட்ஸை ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 300 × 2 = 600. அதன் வர்க்கமூலம் 24.5. மீட்டர் 24.5 வோல்ட் காட்டினதும் கையை எடுத்துடுங்க. இனிமே செட் வால்யூமை அந்த முக்கால் பங்குக்கு மேல ஏத்தாதீங்க.

லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைங்க. அதுக்கு மேல இருக்கிற குரல் எல்லாம் கதவு ஸ்பீக்கர் பார்த்துக்கும். துளை வெச்ச 'போர்ட்டட்' பெட்டின்னா சப்சோனிக் ஃபில்டரையும் ஆன் பண்ணுங்க. பேஸ் பூஸ்ட்டை ஜீரோவிலேயே விடுங்க. 6 டெசிபல் ஏத்தினா அந்த இடத்துல நாலு மடங்கு பவர் கேட்கும்!

பாட்டுக்கு ஹெட்லைட்டும் ஆடுதா?

ஒவ்வொரு 'தம்'முக்கும் ஹெட்லைட் மங்குதுன்னா, வண்டி கரன்ட்டுக்கு மூச்சு வாங்குதுன்னு அர்த்தம். முதல்ல கிரவுண்டையும் பேட்டரி டெர்மினலையும் சரிபாருங்க. பெரிய கெபாசிட்டர் வாங்கி மாட்டினா, கண நேர மங்கலைக் குறைக்கும், அவ்வளவுதான். அது கரன்ட்டை உற்பத்தி பண்ணாது. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பீச்ல பாட்டு போடுறவங்க கவனத்துக்கு: சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருக்கிறது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான். கச்சேரி முடிஞ்சதும் நண்பர்கள் வண்டியைத் தள்ள வேண்டி வரலாம்.

காதும் அக்கம்பக்கமும்

அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு, வேலை செய்யும் இடங்களுக்கு 85 டெசிபல்னா 8 மணி நேரம்னு வரம்பு சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். மூடின காருக்குள்ள அந்த அளவைத் தொடுறது சுலபம். இறங்கின பிறகு காதுல 'ஙொய்'னு கேட்டா, அது எச்சரிக்கை. வெளியேயும் நம்ம ஊர்ல 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகல்ல 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை. தெருமுனை திரும்பினதும் வால்யூமைக் குறைச்சா, உங்க சப்பும் நல்ல பேர் எடுக்கும், நீங்களும் எடுப்பீங்க.

கடைக்குக் கிளம்பறீங்களா? இந்த நாலு கேள்வியை மட்டும் போன்ல நோட் பண்ணிக்குங்க. ஆர்.எம்.எஸ் எவ்வளவு, ஃபியூஸ் எவ்வளவு? சப்பை இணைச்ச பிறகு மொத்தம் எத்தனை ஓம்? ஒயர் ஓ.எஃப்.சி-யா? பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் எங்கே மாட்டப் போறீங்க?

கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் தேவையில்ல சார், ஆம்ப்லயே இருக்கு'ன்னு பதில் வந்தா... சாவியைக் கையில எடுத்துட்டு, அடுத்த கடைக்கு வண்டியை விடுங்க.